உராய்வு: திருவாதவூர்ப் பக்கத்துப் பள்ளியிற் கண்ட ஒரு பரிசோதனை

திருவாதவூர் என்றதும் தமிழ் கற்றார் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவோர் மாணிக்கவாசகரும், அவ்வூரினர் என்றே வழிவழியாகச் சொல்லப்பெறும் கபிலரும் ஆவர். மதுரைக்குக் கிழக்கே, மேலூருக்குத் தெற்கே, வயலும் கண்மாயும் கருங்கற் குன்றும் சூழ விளங்கும் அவ்வூர்ப் பக்கம் நாம் சென்றது இலக்கியத்தை நாடியன்று. நம் கல்லூரிப் பௌதிக மாணவர் சிலர், அங்குள்ள பள்ளியொன்றில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகட்குச் சனிக்கிழமைதோறும் செய்முறைப் பாடம் நடத்தி வந்தோம். கற்பிக்கச் சென்ற நாம் அங்கே கற்றுக்கொண்டு திரும்பியது ஒன்றுண்டு. அதனையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

பாடம் உராய்வு. ஒரு பொருள் மற்றொன்றின்மேல் நகரும்போதும், நகர முயலும்போதும், அந்நகர்ச்சிக்கு எதிராகத் தொடுபரப்பில் எழும் விசைக்கு உராய்வு என்று பெயர். இந்த இலக்கணத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்தனர். பொருளை உணர்ந்தனரா என்று அறிய வேண்டி, "உராய்வு இல்லாவிடில் என்ன ஆகும்?" என்று வினவினோம். "வண்டி வேகமாகப் போகும்" என்றான் ஒருவன். "வண்டி புறப்படவே புறப்படாது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்" என்றாள் பின்வரிசையிலிருந்த ஒரு சிறுமி. மழைக்காலத்தில் வயற்சேற்றில் டிராக்டர் சிக்கிக்கொண்டதைக் கண்ணாற் கண்டவள் அவள். நடப்பதற்கும், நிற்பதற்கும், முடிச்சுப் போட்ட கயிறு அவிழாதிருப்பதற்கும் உராய்வு வேண்டும் என்பதை அவளே எமக்குப் பாதி விளக்கிவிட்டாள்.

முதலிற் செய்தது எல்லாப் பள்ளிகளிலும் செய்யப்படும் எளிய சோதனையே. ஒரு பலகையின் ஒரு முனையைத் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயர்த்தி, அதன் உச்சியிலிருந்து ஒரு பொம்மைக் காரை விடுவது. கீழே சிமெண்டுத் தரை, கோரைப்பாய், கோணிச்சாக்கு, மணல் ஆகியவற்றை மாற்றி மாற்றி அமைத்து, கார் ஓடிய தூரத்தை அளப்பது. காரைத் தள்ளலாகாது, விடவே வேண்டும் என்று எத்தனை முறை சொல்லியும் ஒருவன் விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டியே விட்டான். அவனுடைய கார்தான் எல்லாவற்றினும் தொலைவு ஓடிற்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அவ்வளவை நீக்கிப் பார்த்தபோது, சிமெண்டுத் தரையில் இரண்டரை மீட்டருக்கு மேலும், பாயில் ஒன்றரை மீட்டர் அளவும், சாக்கில் முக்கால் மீட்டருக்குக் குறைவாகவும் கார் ஓடியது. மணலிலோ ஒரு சாண் செல்வதற்குள் நின்றுவிட்டது. ஒரே உயரத்திலிருந்து இறங்கியமையால் அடிவாரத்தில் வேகம் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே தூரத்தின் வேறுபாடு பரப்பின் வேறுபாட்டால் வந்தது. ஓடும் பொருள் தானாகவே ஓய்ந்து நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அதனை நிறுத்துவது ஒன்று உண்டு என்பது பிள்ளைகட்கு விளங்கிற்று.

இச்சோதனையில் ஒரு குறை இருப்பதை அப்போதே சொல்லிவிட்டோம். காரில் உருளுவது சக்கரம். உருளுதலில் எழும் தடை வேறு, வழுக்கிச் செல்லுதலில் எழும் உராய்வு வேறு. மணலில் சக்கரம் அமிழ்கிறது. மணலை ஒதுக்கித் தள்ளுவதிலேயே அதன் சக்தி செலவாகிறது. வழுக்கும் உராய்வை அளக்க வேண்டுமாயின் சக்கரமில்லாப் பொருளை இழுத்தல் வேண்டும். அதற்கு ஊரிலேயே கிடைக்கும் இரு கருவிகள் போதும். ஒன்று செங்கல், மற்றொன்று மீன் விற்போர் தொங்கவிட்டுப் பிடிக்கும் ஸ்பிரிங் தராசு.

செங்கல்லைப் போன்ற நல்ல ஆசிரியரை நாம் கண்டதில்லை. அதற்கு மூன்று வகை முகங்கள் உண்டு, மூன்றும் மூன்று பரப்பளவு உடையன, எடையோ மாறுவதில்லை. எம்மிடம் கிடைத்த கல் 3 கிலோ இருந்தது. அதனைக் கயிற்றாற் கட்டித் தராசின் கொக்கியில் மாட்டிச் சிமெண்டுத் தரையில் மெல்ல இழுத்தோம். அகன்ற முகம் கீழிருக்கத் தராசு காட்டியது ஏறத்தாழ 1.8 கிலோ. இனிப் பக்கவாட்டில் நிறுத்தினால் எவ்வளவு காட்டும் என்று கேட்டோம். "பாதிதான் இருக்கும், தரையில் படுவது பாதிதானே" என்றனர் பெரும்பாலோர். இழுத்துப் பார்த்தால் அதே 1.8. மிகச் சிறிய முகத்தின்மேல் நிறுத்தியபோது கயிறு சற்று உயரமாக இருந்தமையால் கல் கவிழ்ந்தது. கயிற்றைத் தாழ்த்திக் கட்டி இழுத்தபோது மீண்டும் அதே அளவு. ஆனால் ஒரு கல்லின்மேல் மற்றொரு கல்லை ஏற்றியவுடன் தராசு 3.6 காட்டிற்று. உராய்வு அழுத்தும் எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பின் அகலத்தைப் பொறுத்ததன்று என்னும் விதி, ஒரு கல்லும் ஒரு தராசும் கொண்டு கால் மணி நேரத்தில் வெளிப்பட்டுவிட்டது.

இவ்விதி எளிதாக உலகம் ஏற்றுக்கொண்டதன்று. இத்தாலி நாட்டு லியனார்டோ டா வின்சி இதனைக் கண்டு தம் குறிப்பேடுகளில் வரைந்து வைத்தார். அவை அவர் காலத்தில் அச்சேறவில்லை, ஆகவே ஒருவர்க்கும் பயன்படவில்லை. இருநூறு ஆண்டுகள் கழிந்தபின், 1699-ஆம் ஆண்டில், கியோம் அமோந்தோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தார் முன் இதனை எடுத்துரைத்தார். இளமையிலேயே செவிப்புலன் இழந்தவர் அவர். பரப்பு குறைந்தால் உராய்வும் குறைய வேண்டுமே என்று கழகத்தார் ஐயுற்றனர். நம் திருவாதவூர்ப் பிள்ளைகள் கேட்ட அதே கேள்விதான்! மறுபடியும் சோதனை செய்து பார்த்த பின்னரே அவர்கள் ஒப்பினர். அதன்பின் கூலோம் என்பார் 1781-இல் இத்துறை பற்றி எழுதிய ஆராய்ச்சிக்கு அக்கழகத்தின் பரிசு பெற்றார். நகரத் தொடங்கும்போது வேண்டும் விசை, நகர்ந்துகொண்டிருக்கையில் வேண்டும் விசையினும் மிகுதி என்பதை அவர் விரிவாக ஆராய்ந்தார்.

இக்கடைசி உண்மையைத் தேர் இழுத்தவர்க்கு எவரும் சொல்லித் தர வேண்டுவதில்லை. வைகாசியில் திருமறைநாதர் கோயில் தேரோட்டம் காணாத பிள்ளை அவ்வகுப்பில் இல்லை. நிலையில் நிற்கும் தேரை அசைப்பதற்கே வடத்தில் முழுப் பலமும் வேண்டும்; பின்னாலிருந்து நெம்புகோல் கொடுத்தலும் உண்டு. அசைந்து உருளத் தொடங்கியபின் அத்துணைப் பலம் வேண்டா. பின் கவலை, அதனை எவ்வாறு நிறுத்துவது என்பதே. அதற்காகவே சக்கரத்தின் முன் முட்டுக்கட்டை இடுகின்றனர். உருண்டு வரும் சக்கரம் கட்டையில் முட்டி அதனைத் தரையோடு அழுத்துகிறது. உருளுதல் நின்று கட்டை தரையிலே தேய்கிறது. எளிய தடை பெருந்தடையாக மாறுகிறது. ஒருவன் காரியத்துக்கு மற்றவன் முட்டுக்கட்டை போட்டான் என்று நாம் பேச்சில் வழங்கும் சொல் இக்கட்டையிலிருந்தே வந்தது. ஓடும் தேரின் சக்கரத்தருகே குனிந்து கட்டையிடுவோர் தொழில் எத்துணை அபாயமானது என்பதை வடம் பிடிப்போர் சிந்திப்பது அரிது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளி பெல் தொழிற்சாலையார் இரும்பு அச்சும் சக்கரமும் அழுத்தத்தால் இயங்கும் தடைக்கருவியும் பொருத்தியுள்ளனர். ஆயினும் அங்கும் முட்டுக்கட்டை விடைபெற்றுப் போய்விடவில்லை.

இனி நாம் சொல்ல வந்த நிகழ்ச்சிக்கு வருவோம்.

அடுத்த சனிக்கிழமை ஒரு மரப்பெட்டியில் கற்களை இட்டு, மொத்த எடை 2 கிலோ ஆகுமாறு அமைத்து, பல பரப்புகளின்மேல் இழுத்தோம். மேலூர் வட்டாரம் கருங்கல்லுக்குப் பேர்போனது. மெருகிட்ட கருங்கற் பலகைத் துண்டு ஒன்று எளிதிற் கிடைத்தது. முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. அதன்மேல் மரப்பெட்டியை இழுக்க 0.6 கிலோ போதியதாயிருந்தது. கோரைப்பாயில் 0.7, சிமெண்டுத் தரையில் 0.9, சாக்கில் 1.1. 'வழவழப்பிற் குறைவு, சொரசொரப்பில் மிகுதி' என்று பாடநூல் கூறுமாறே எல்லாம் வந்தது. எமக்கும் மகிழ்ச்சி.

அப்போது ஒரு சிறுவன், "சார், செருப்பிலும் டயரிலும் ரப்பர் தானே இருக்கிறது, மரத்தை ஏன் இழுக்கிறோம்?" என்று கேட்டான். கேள்வி நியாயமானது. பழைய சைக்கிள் டியூப் ஒன்றை வெட்டி விரித்து, சோப்பிட்டுக் கழுவி உலர்த்தி, பெட்டியின் அடியில் தைத்தோம். அவனையே இழுத்து எழுதச் சொல்லிவிட்டு, மற்றொரு குழுவினரைக் கவனிக்கச் சென்றோம். திரும்பி வந்து அவன் ஏட்டைப் பார்த்தால், சிமெண்டுத் தரை 1.1 என்றும், மெருகிட்ட கல் 1.8 என்றும் இருந்தது.

எம்முள் ஒருவர் சற்றும் தயங்காமல், "தம்பி, இடம் மாற்றி எழுதிவிட்டாய், திருத்திக்கொள்" என்றார். சிறுவன் திருத்தவில்லை. "மூன்று தடவை இழுத்தேன் சார். கல்லில்தான் கூட வருகிறது" என்றான். குரலில் பணிவு இருந்தது. பென்சில் மட்டும் அசையவில்லை.

இவ்விடத்தில் நம் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் முறையாகும். தனி ஊசல் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் பரிசோதனையில் 980-க்கு அருகில் வராத விடையை எழுதியவர் நம் வகுப்பில் எத்தனை பேர்? விடையை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற அலைவு நேரங்களைப் பின்னோக்கிக் கணக்கிட்டு ஏட்டில் நிரப்பியவர் பலர். இதனை எழுதும் நாமும் அவருள் அடக்கம். அவ்வாறு வந்த பழக்கமே அன்று எம் வாயிலிருந்து 'திருத்திக்கொள்' என்னும் சொல்லாக வெளிப்பட்டது. பதின்மூன்று வயதுச் சிறுவன் அதற்கு இணங்கவில்லை.

நாமே இழுத்துப் பார்த்தோம். 1.8. மற்றொரு முறை; 1.7. சிமெண்டுத் தரையில் மீண்டும் 1.1. சிறுவன் எழுதியதே சரி.

காரணம் யாது? வகுப்பு முழுவதும் அதனை நாடிற்று. ஒருத்தி பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். சிமெண்டுத் தரையில் இழுத்தபின் ரப்பரின் அடி முழுதும் வெண்சாம்பல் நிறத் தூசு படிந்திருந்தது. கல்லில் இழுத்தபோது அவ்வாறு இல்லை. "தூசி மேலேதான் வழுக்குது" என்றாள். இஃது ஓர் ஊகம். ஊகத்தைச் சோதிக்க வழியும் கைவசம் இருந்தது. தரையை ஈரத்துணியால் நன்கு துடைத்து, உலரவிட்டு, ரப்பரையும் துடைத்து இழுத்தோம்: 1.6. பின்பு மெருகிட்ட கல்லின்மேல் முற்றத்து நுண்மணலை ஒரு பிடி தூவி இழுத்தோம்: 0.9. சற்றுமுன் எல்லாவற்றினும் மிகுந்த தடை தந்த கல், ஒரு பிடி மணலால் சிமெண்டுத் தரையினும் வழுக்கும் பரப்பாக மாறிவிட்டது.

தூசும் மணலும் இரு பரப்புகட்கு இடையே புகுந்து அவை நேரே தொடாதவாறு பிரித்துவிடுகின்றன. மணிகள் தாமே உருண்டும் இடம் பெயர்ந்தும் மேலுள்ள பொருளை ஏந்திச் செல்கின்றன. இது விளங்கியபின்னும் ஒரு கேள்வி எஞ்சிற்று. துடைத்த தரையிற்கூட 1.6 தானே வந்தது, கல்லில் 1.8 வருவானேன்? சொரசொரப்பே உராய்வுக்குக் காரணமாயின் கல்லிற் குறைய வேண்டுமன்றோ?

இதற்கு விடை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தெளிவாயிற்று. கேம்பிரிட்ஜிற் பணிபுரிந்த பௌடன், டேபர் என்னும் இருவர், இரு திடப்பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று இருக்கையில் அவை உண்மையில் தொடும் இடம் மிகச் சிறியது என்று காட்டினர். எவ்வளவு மெருகிட்டாலும் பரப்பில் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. மேட்டின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. ஒரு மலைத்தொடரைக் கவிழ்த்து மற்றொரு மலைத்தொடரின்மேல் வைத்தாற் போல என்று கொள்க. தொடும் அந்நுனிகளில் இரு பொருள்களும் ஒட்டிக்கொள்கின்றன. அவ்வொட்டை அறுத்து நகர்த்தவே பெரும்பாலும் விசை செலவாகிறது. எடையை இரட்டித்தால் நுனிகள் நசுங்கி, உண்மையில் தொடும் பரப்பும் ஏறக்குறைய இரட்டிக்கிறது. ஆதலின் உராய்வும் இரட்டிக்கிறது. செங்கல்லை எம்முகத்தில் நிறுத்தினாலும், தாங்க வேண்டிய எடை ஒன்றே ஆதலின், மெய்யாகத் தொடும் பரப்பும் ஒன்றே. அமோந்தோன் கண்ட விதிக்கு உட்பொருள் இவ்வாறு கிடைத்தது.

ரப்பரோ மிக மெல்லியது. வளைந்து குழைந்து கல்லின் மேடுபள்ளங்களில் தானே பொருந்திக்கொள்கிறது. மெருகிட்ட தூய பரப்பில் அது நெருங்கித் தொடும் இடம் மிகுதி. ஆகவே ஒட்டும் மிகுதி. கடினமான மரத்துக்கு அவ்வியல்பு இல்லை. இதனால் அறிய வேண்டுவது, 'வழவழப்பான பரப்பு' என்று தனியே சொல்லி உராய்வை அளந்துவிட முடியாது என்பதாம். எப்பொருள்மேல் எப்பொருள், இடையே உள்ளது யாது என்று இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். எண்ணெய் இட்டால் உராய்வு குறைவதும் இவ்வாறே. நம் மாட்டுவண்டிக்காரர் விளக்கெண்ணெயிற் கரியைக் குழைத்து அச்சுக்கு மசகிட்டது, அச்சும் குடமும் நேரே தொடாதவாறு இடையில் ஒரு படலத்தை நிறுத்துவதற்கே. அமோந்தோனின் விதியும் எங்கும் செல்லுபடியாவதன்று; ரப்பர் போன்ற மெல்லிய பொருள்களில் அது சற்றே தவறும். டியூப்பு ஒட்டிய பெட்டியில் எடையை இரட்டித்தபோது உராய்வு முழுதாக இரட்டிக்கவில்லை என்பதையும் பிள்ளைகள் எழுதி வைத்திருக்கின்றனர். அதனையும் எவரும் திருத்தவில்லை.

அச்சிறுவன் தன் எண்ணில் ஏன் அத்துணை உறுதியாய் நின்றான் என்பது பின்னரே தெரிந்தது. மணல் லாரி சிந்திய வளைவொன்றில் சைக்கிளோடு விழுந்தவன் அவன். முழங்காலில் நீண்ட வடு உண்டு. தார்ச்சாலையில் மணல் கிடந்தால் டயர் பிடிக்காது என்பது அவனுக்குப் பாடநூற் செய்தியன்று. இப்பக்கத்துச் சாலைகளில் அறுவடைக்காலத்தே கதிரையும் தானியத்தையும் பரப்பி, போகும் வண்டிகளே போரடித்துத் தருமாறு விடுவதும் உண்டு. உழவர் தரப்பில் களமின்மை ஒரு நியாயம். அவ்வழியே இருசக்கர வண்டியில் வருவோர் தரப்பில் அஃது உயிருக்கு உலை.

ஆகவே பள்ளி வாயிலருகேயுள்ள தார்ச்சாலையின் ஓரத்திலும் பெட்டியை இழுத்துப் பார்த்தோம். வண்டி வருகிறதா என்று பார்க்க இருவரை நிறுத்தியிருந்தோம். சுத்தமான தாரில் 1.6 கிலோ, மணல் தூவிய இடத்தில் 0.8. இழுத்த விசையைப் பெட்டியின் எடையால் வகுத்தால் வரும் எண்ணுக்கு உராய்வுக் குணகம் என்று பெயர். இங்கே அது முறையே 0.8, 0.4.

இவ்வெண்கள் ஒரு சைக்கிளோட்டிக்கு என்ன சொல்கின்றன? பிரேக் பிடித்து வழுக்கி நிற்கும் தூரத்தைக் காண, வேகத்தின் வர்க்கத்தை, குணகத்தின் இருமடங்கை 9.8-ஆற் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். மணிக்கு 18 கிலோமீட்டர், அஃதாவது விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வருவோன் சுத்தமான தாரில் 1.6 மீட்டரிலும், மணலில் 3.2 மீட்டரிலும் நிற்பான். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிளுக்கு அவை 6.4, 12.8 மீட்டர் ஆகும். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகிறது. அபாயத்தைக் கண்டு கை பிரேக்கை அடைவதற்கு ஒரு விநாடி சென்றால், அதற்குள் ஓடிவிடும் 10 மீட்டர் இதிற் சேரவில்லை. பெட்டியின் அடியில் ஒட்டிய டியூப்பும் வண்டியின் டயரும் ஒன்றல்ல; ஆதலின் இவ்வெண்களை அப்படியே சாலைக்குக் கொண்டு செல்லலாகாது. ஆயினும் மணலால் தூரம் இரட்டிக்கும் என்னும் அளவில் இவை நம்மை ஏமாற்றமாட்டா.

இக்கணக்கில் ஓட்டுவோன் எடை எங்கும் வரவில்லையே என்று அச்சிறுவன் கேட்டான். எடை மிகுந்தால் உராய்வும் அதே அளவில் மிகும், நிறுத்த வேண்டிய இயக்கமும் அதே அளவில் மிகும். ஆகவே இரண்டும் கழிந்துவிடுகின்றன என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். அவன் முழுதும் நம்பியதாகத் தெரியவில்லை. தன் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒருமுறையும், தனியே ஒருமுறையும் பள்ளி மைதானத்திற் பிரேக் பிடித்துத் தடத்தை அளந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். மெதுவாகவே ஓட்ட வேண்டும், மணலற்ற இடமாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டு, அளக்கும் நாடாவை அவனிடமே விட்டு வந்தோம்.